சேலை வாங்காமல் போனவர்கள்

அன்புள்ள அம்மா,

நான் நல்லா இருக்கேன். ஒங்க முழங்கால் வலி எப்படி? போன்ல பேசினா கத்திடுவேன், அதான் எழுதுறேன்.

நேத்து நான் வேலை செய்யிற கொழும்பு கடைக்கு ஒரு அம்மாவும் மகனும் வந்தாங்க. பதினெட்டு சேலை விரிச்சுக் காட்டினேன். ஒண்ண என் தோள்ல போட்டு நடக்கச் சொன்னாங்க, நடந்தேன். கடைசியில ஒண்ணும் வாங்காம, "தெரணியகலையில ஒங்க அம்மாகிட்ட பேசிக்கிறோம்"னு போயிட்டாங்க. முதலாளிகிட்ட எனக்குத்தான் ஏச்சு.

பொண்ணு பாக்க ஆள் அனுப்பினா எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா? அவன் மூஞ்சியக்கூட நான் சரியா பாக்கல. ஞாயித்துக்கிழமையில மோட்டர் சைக்கிள் ஓட்டப் பழகுறேன், அதையும் அவங்ககிட்ட சொல்லிடுங்க!

வீட்டு மிளகாத்தூள் கொஞ்சம் பஸ்ஸுல குடுத்து விடுங்க. கடை தொறக்கப் போறாங்க, நிறுத்துறேன்.

இங்க வந்து ஏழு மாசம். என்னைப் பாக்கன்னு வந்தவங்க அவங்க மட்டுந்தாம்மா.

ஷாமிளா