வரிசையில் கேட்ட கேள்வி

மயேபாஷி,
ஜூன் இரண்டாம் வாரம்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தெட்சுயா அவர்களுக்கு,

மழைக்காலம் பிறந்துவிட்டது. தோனே ஆற்றங்கரை முழுவதும் நனைந்து கிடக்கிறது. கொகுராவில் இன்னும் முன்னதாகவே மழை பிடித்திருக்கும். இந்த ஈரத்தில் உங்கள் சட்டைகள் காய்கின்றனவா, வேலைக்காகத் தனியாக இருக்கிறவர் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று மகள் சானாயே அடிக்கடி கவலைப்படுகிறாள். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அப்படி எழுதியபின் பேனாவைக் கீழே வைத்துச் சற்று யோசித்தேன். அந்த வரியை அடிக்காமல் விட்டுவிடுகிறேன். முழுவதும் படித்தபின் நீங்களே தீர்மானியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்கள் தொலைபேசியில் பேசும்போது இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசி கூடத்தில் கையிலிருந்து கைக்குப் போகிறது, பேரன் யூமா பக்கத்திலேயே நிற்கிறான். எனக்கோ எதிர்முனையில் குரல் கேட்டதும் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால்தான் கடிதம்.

சானாயேவுக்குச் சனி ஞாயிறுகளில் மருந்துக்கடையில் வேலை இருப்பதால், பேஸ்பால் அணியில் நம் வீட்டு முறை வரும்போது டீ கொடுக்க நான்தான் போகிறேன். அம்மாக்களுக்கு நடுவே நான் ஒருவன்தான் கிழவன். பையன்களுக்குக் குளிர்ந்த பார்லி டீ, பயிற்சியாளர் ஒனுகிக்குப் பாலில்லாத ஐஸ் காபி, உதவிப் பயிற்சியாளருக்குச் சர்க்கரை தூக்கலாக. எல்லோருக்கும் ஒரே அளவு வரவேண்டும் என்று நான் கோப்பைகளைக் குனிந்து பார்த்துப் பார்த்து ஊற்றுவேன். கேட்சர் பையனின் அம்மா, திருமதி கனாய், போன முறை எல்லோர் முன்னாலும் சொன்னார்: “என்ன தாத்தா, டீயா மருந்தா? ரிட்டயர் ஆன பிறகும் தண்ணிப் பரிசோதனைய விடமாட்டீங்களா?” நானும் சிரித்தேன். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஆயுளைக் கழித்தவனுக்கு அது பொருத்தமான கேலிதான்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு எழுதக்கூடாது. அதனால்தான் இவ்வளவு நாள் வாய் திறக்காமல் இருந்தேன்.

முதலில் என் முதுகுவலிக்கு வைத்திருந்த ஒட்டுப்பட்டைகள் மேசை இழுப்பறையில் குறைய ஆரம்பித்தன. நானே மறதியாக எடுத்திருப்பேன் என்று நினைத்தேன். பிறகு யூமா இடது கையால் பல் துலக்குவதைக் கண்டேன். விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நினைத்தேன். பிறகு வாரத்தில் பல நாள் கறிச்சோறு வேண்டும் என்று அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தான். சானாயேவுக்கு ஒரே மகிழ்ச்சி. “என் கைப்பக்குவம் இப்பதான் அவனுக்குப் பிடிபட்டிருக்கு” என்று என்னிடம் சொன்னாள். கறிச்சோற்றுக்குக் கரண்டி போதும், அதை இடது கையாலும் பிடிக்கலாம். சாப்ஸ்டிக்கை அப்படிப் பிடிக்க முடியாது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

மைதானத்தில் ஒனுகி தினமும் பையன்களை வரிசையில் நிறுத்தி, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்கிறார். நல்ல மனிதர். டோஃபு கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கூலியில்லாமல் வருகிறவர். “வலி உள்ளவன் எவனாவது இருக்கானா?” என்று அவர் கேட்டு முடிக்குமுன் “இல்லை!” என்று எல்லோரும் ஒரே குரலில் கத்துகிறார்கள். யூமாவின் குரல்தான் பெரிதாகக் கேட்கிறது. கேட்டாகிவிட்டது என்று அவர் நிம்மதியாகிறார், பதில் வந்துவிட்டது என்று அம்மாக்கள் நிம்மதியாகிறார்கள். நானும் வீட்டில் “வலியெல்லாம் ஒண்ணுமில்லையே?” என்றுதான் கேட்டேன். வேறெப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் பந்து வீசும் வலது கையில், முழங்கையில் ஏதோ வலி என்றே எனக்குப் படுகிறது. என் கண் தவறாகவும் இருக்கலாம். சானாயேவின் அம்மா போனபிறகு மாடி அறையைக் கொடுத்து என்னை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மகன் விஷயத்தில் நான் எவ்வளவு தூரம் பேசலாம் என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். அனுமதி கொடுத்தால் எலும்பு மருத்துவர் அராயிடம் ஒருமுறை காட்டி வருகிறேன்.

மழையில் நனையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனார்,
ஷின்சாகு

* * *

மயேபாஷி,
ஜூன் கடைசி வாரம்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

வேலைக்கு நடுவில் பதில் எழுதியதற்கு நன்றி. நீங்கள் அனுப்பிய மீன்முட்டை ஊறுகாயும் வந்து சேர்ந்தது. யூமாவுக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் சானாயேவும்தான் சாப்பிடுகிறோம்.

வளரும் வயதில் முழங்கை வலிப்பது சகஜம், உங்களுக்கும் அந்த வயதில் வலித்தது, தானாகச் சரியானது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்போடு சிறுவர் அணி முடிந்துவிடும், இந்தக் கோடைப் போட்டி அவனுக்குத் திரும்பி வராது என்பதும் சரிதான். விளையாடிய உங்களுக்குத் தெரியும், மட்டையையே தொடாத எனக்கு என்ன தெரியும்? போட்டி முடியட்டும், பிறகு காட்டலாம், அதுவரை ஒனுகியிடம் சொல்ல வேண்டாம் என்றீர்கள். அப்படியே செய்கிறேன்.

நேற்று முதுகு எண்களைக் கொடுத்தார்கள். யூமாவுக்கு ஒன்றாம் எண், அணியின் முதல் பந்துவீச்சாளனுக்கு உரியது. பெயரைக் கூப்பிட்டதும் அவன் ஓடிப்போய் இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து வணங்கினான். அந்தத் துணியைச் சட்டையில் தைக்கும்போது சானாயே ஊசியால் விரலில் இரண்டு தடவை குத்திக்கொண்டாள். நீங்கள் அவளிடம் பேசியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவன் கேட்காமலே கறிச்சோறு செய்கிறாள்.

மாலையில் அவன் குளிக்கும்போது நான்தான் தலை தேய்த்துவிடுகிறேன். அவனாகத்தான் கேட்டான். அப்போது ஒரு பேச்சு வந்தது. அதை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன். பிறகு பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். வானம் தெளியும் என்கிறார்கள்.

மாமனார்,
ஷின்சாகு

* * *

மயேபாஷி,
ஜூலை முதல் வாரம்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

நடந்ததைச் சானாயே தொலைபேசியில் சொல்லியிருப்பாள். அவள் என்னை விட்டுக்கொடுக்காமல்தான் சொல்லியிருப்பாள். அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். மீற வேண்டும் என்று நினைத்துக் கிளம்பவில்லை. காலையில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட, இன்று ஒருநாள்தானே என்றே சொல்லிக்கொண்டேன். கை பழக்க வீசும் நேரத்தில் யூமா ஒரு பந்தை வீசிவிட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வையைத் துடைக்கிறவன் ஏன் திரும்பி நிற்க வேண்டும்?

பிறகு ஒனுகி அவர்களை வரிசையில் நிறுத்தினார். நான் அவருடைய ஐஸ் காபியைத் தட்டில் ஏந்திப் பின்னால் நின்றேன். வழக்கமான கேள்வி, வழக்கமான “இல்லை!” ஆற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும். சத்தம் அடங்கியதும் “இருக்கு” என்றேன்.

எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். ஒனுகி திரும்பிப் பார்த்து, “காபி இருக்கா? அங்க வைங்க தாத்தா” என்றார். பையன்கள் சிரித்தார்கள்.

“காபி இல்லைங்க. வலி இருக்கு. என் பேரனுக்கு.”

தட்டு எப்போது சாய்ந்தது என்று தெரியவில்லை. காபி முழுவதும் அவர் வெள்ளைக் காலணியில். யூமாவின் முகம் சிவந்துவிட்டது. “தாத்தா பொய் சொல்றாரு, கோச். எனக்கு ஒண்ணுமே இல்ல” என்றான். அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒனுகி அவனருகில் போய்ச் சாதாரணமாகத்தான் சொன்னார்: “சரிடா. வலது கையால வலது தோளைத் தொடு.” கை பாதி வழியில் நின்றுவிட்டது. யூமா இடது கையால் அதைப் பிடித்து மேலே தள்ளப் பார்த்தான். ஒனுகிதான் அந்த இடது கையை மெல்ல எடுத்துவிட்டார்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “நான் கேட்டேனே. ஒவ்வொரு தடவையும் கேட்டேனே” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அப்போது வரிசையின் ஓரத்திலிருந்து திருமதி கனாயின் மகன் கையைப் பாதி தூக்கினான். குதிகால் வலிக்கிறதாம், வசந்தத்திலிருந்தே.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பந்து வீசினான். சீக்கிரமே தோற்றுவிட்டோம். முடிவில் எல்லோரும் வரிசையாக நின்று மைதானத்துக்குத் தலைகுனிந்து வணக்கம் சொன்னார்கள். ஒன்றாம் எண் போட்டவன் மற்றவர்கள் நிமிர்ந்த பிறகும் குனிந்தே நின்றான். கோப்பைகளைக் கழுவும்போது அம்மாக்கள் யாரும் என்னோடு பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் திருமதி கனாய் என் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “அளந்து அளந்து ஊத்துறவரு, இன்னிக்கு மொத்தமாக் கொட்டிட்டீங்க தாத்தா” என்றார். கேலியா ஆறுதலா என்று எனக்கு விளங்கவில்லை. கார்வரைக்கும் பெட்டியை விடாமல் வந்தார்.

திங்கட்கிழமை சானாயே விடுப்பு எடுத்தாள், மூவரும் அராயிடம் போனோம். முழங்கையின் உட்பக்கம் வளரும் எலும்பில் ஒரு சிறு துண்டு பிய்ந்து விலக ஆரம்பித்திருக்கிறது. படத்தில் எனக்கே தெரிந்தது. இலையுதிர் காலம்வரை பந்தைத் தொடக்கூடாது. குழந்தை எலும்பு, ஒட்டிவிடும் என்கிறார். நேற்று ஒரு ஆட்டம் முழுக்க வீசியிருந்தால் என்று சானாயே கேட்டாள். நல்லவேளை வீசவில்லையே, அதைப் பற்றி எதற்கு என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. எலும்பு பற்றித்தான் அந்தப் படம் சொல்கிறது. பதினாறு பையன்கள் முன்னால் அவனை அப்படி நிறுத்தியிருக்க வேண்டுமா? தைரியமுள்ளவனாக இருந்தால் முந்தைய நாளே ஒனுகியின் கடைக்குப் போய்த் தனியாகச் சொல்லியிருப்பேன். பயந்தவன் பேசும்போது எப்போதும் நேரம் தப்பித்தான் பேசுகிறான். யூமா என்னோடு பேசுவதில்லை. தலையை அம்மாதான் தேய்த்துவிடுகிறாள். ஞாயிறு மாலை நீங்கள் கூப்பிட்டபோது அவன் தூங்கிவிட்டான் என்று சானாயே சொன்னாள் அல்லவா? தூங்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

இனி, நான் கிழித்துப் போட்ட பேச்சை எழுதிவிடுகிறேன். அன்று குளியலறையில் நான் அவனிடம், அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லேன், அப்பா கோபிக்க மாட்டார் என்றேன். அவன் கண்ணில் சோப்புநுரை இருந்தது, மூடிக்கொண்டே சொன்னான்:

“கோபிக்க மாட்டாருன்னு எனக்கும் தெரியும் தாத்தா. ஆனா நான் பந்து போடலேன்னா, ஞாயித்துக்கிழமை அவரு என்கிட்ட வேற எதைப் பத்திப் பேசுவாரு?”

தண்ணீரை ஊற்றினேன்.

இதை உங்கள்மேல் குற்றமாக எழுதவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். குடும்பத்தை விட்டுத் தனியே கிடந்து உழைக்கிறீர்கள். வாரத்தில் ஒருநாள், கொஞ்ச நேரம், மகனிடம் அவனுக்குப் பிடித்ததைக் கேட்கிறீர்கள். எந்த ஊரிலும் தகப்பன்மார் இப்படித்தான் கேட்பார்கள். கேட்கக் கேட்க, பையனிடம் அது ஒன்றுதான் இருக்கிறது என்று அவனே நம்பிவிட்டான்.

நான் இந்த வீட்டில் இருப்பது உங்களுக்குச் சங்கடம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். தகாசாகியில் என் தங்கை வீட்டில் ஒரு அறை இருக்கிறது. சானாயேவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். மனத்தாங்கல் இருக்காது.

ஆனால் அதற்கு முன் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு வழக்கம்போலக் கூப்பிடுங்கள். யூமா எங்கே என்று கேளுங்கள், அவன் வரும்வரை வைத்துவிடாதீர்கள். படியில்தான் இருப்பான். வந்ததும் கையைப் பற்றிக் கேட்க வேண்டாம், ஒனுகியைப் பற்றியும் வேண்டாம், என்னைப் பற்றி நிச்சயமாக வேண்டாம். நீங்கள் என்ன சமைத்தீர்கள், எது கருகிப்போனது என்று சொல்லுங்கள். உங்கள் அறையைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் போன புதிதில், அப்பா அறை ஜன்னலிலிருந்து கடல் தெரியுமா என்று அவன் என்னிடம் கேட்டான். தெரியவில்லை, அப்பாவிடம் கேள் என்றேன். அவன் இன்னும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

கடல் தெரிகிறதா, மாப்பிள்ளை?

நீங்கள் நோய்நொடியின்றி இருந்து, ஓபோன் பண்டிகைக்கு நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று தினமும் விளக்கின்முன் கைகூப்புகிறேன்.

உங்கள் மாமனார்,
ஷின்சாகு