எட்டு முனைப் போர்வை

இஞ்சாருங்கோ,

அந்த நட்சத்திரப் போர்வை துணி தோய்க்கிற லோன்றி அறையில், கறுப்புக் குப்பைப் பைக்குள் கிடந்தது. பையின் வாயை நான் கட்டவில்லை. பக்கத்தால் போனால் உங்கள் தைலம் மணக்கும். மணக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அழுகை வரவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம், அந்தியேட்டி, முடிந்த அன்று உங்கள் அண்ணை சொன்னார்: "பிள்ளை, சீவன் போன படுக்கையை வீட்டில வைச்சிருக்கிறேல்லை. வெளியில போடும்." மெத்தையை அவரே இழுத்துப்போய் வாசலில் வைத்தார். போர்வையைக் கேட்டபோது, "கழுவவேணும் அத்தான்" என்றேன். குப்பையில் போடுகிறதை யாராவது கழுவுவார்களா? என்னைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

டண்டினொங்கில் நாங்கள் இருந்தபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா செத்து, மகன் வீட்டைக் காலி பண்ணியபோது இந்தப் போர்வையை வேலியால் எட்டி வாங்கினீர்களே. நான் தொடவே இல்லை.

"செத்த மனிசியின்ர துணி, எனக்கு வேண்டாம்."

"அவவின்ர அம்மம்மா கையால தைச்சதாம். ஒருக்கா நடுவைப் பாரும்."

பார்த்தேன். சாய்சதுரமாக வெட்டி ஒட்டுத் தைத்த சின்னத் துணித் துண்டுகள். நடுவில் எட்டுத் துண்டின் கூர்கள் ஒரு புள்ளியில் கூடி, அதிலிருந்து வளையம் வளையமாக நிறம் மாறி, எட்டு முனை நட்சத்திரமாக விரிந்து கிடந்தது.

"ஒரு துண்டு கொஞ்சம் இழுபட்டாலும் நடு தட்டையா இராமல் பொம்மிப் போடுமாம்" என்றீர்கள்.

"ஓம், பெரிய டெய்லர்."

அன்றே போர்த்திக்கொண்டு படுத்தீர்கள். குளிர் தாங்காமல் நானும் ஓரத்தை இழுத்தேன். "கவனம், செத்த மனிசி வந்து மற்றப் பக்கத்தால இழுப்பா" என்று சிரித்தீர்கள்.

நேற்று அண்ணை போன் எடுத்தார். "போட்டாச்சோ?" "இன்னும் இல்லை" என்றேன். "வீட்டுக்குக் கூடாது பிள்ளை."

கழுவினால் அவர் சொல்கிற தீட்டுப் போகும், உங்கள் மணமும் போகும். இரண்டும் தெரிந்துதான் இன்று காலை பாத் தொட்டியில் ஊறப் போட்டேன். தண்ணீர் மண்ணிறமாக வந்தது. கொடியில் விரித்தபோது ஒரு முனையில் தையல் விட்டிருந்தது. கடைசி நாட்களில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தீர்களே, அந்த முனை. காய்ந்த பிறகு ஊசி எடுத்துத் தைத்தேன். அந்த அம்மம்மாவின் தையல் கண்ணுக்கே தெரியாது. என்னுடையது பெரிது பெரிது, முனையும் கோணிவிட்டது.

அண்ணைக்குப் போன் எடுத்து, "அத்தான், கழுவியாச்சு, போர்வை என்னோட இருக்கட்டும்" என்றேன். "சரி பிள்ளை" என்றார்.

இன்னும் அழுகை வரவில்லை. இப்போது அதில் சோப்பு மணம்தான். ஆனால் கண்ணை மூடித் தடவினாலும் நீங்கள் பிடித்த இடம் தெரிகிறது. அங்கேதான் என் தையல் தடித்து நிற்கிறது.