சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி

அன்புள்ள புவனேஸ்,

போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால் இதை எழுதி, நாளை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வரும் நம் மகள் ரூபினியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் முகம் உருண்டையானபோது பக்கத்து வீட்டு மணியம்மா, “புருஷன் நல்லா கவனிக்கிறான் லா!” என்றாள். நானும் பெருமையாகச் சிரித்தேன். பிறகு நீ தேயிலை மேட்டில் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டாய். லேசாக இடித்த இடமெல்லாம் கன்றிப்போனது. அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியில் ஒரு கட்டி வந்து, கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தால் இப்படியெல்லாம் ஆகும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

கட்டியை எடுத்தாகிவிட்டது. இன்று மதியம் டாக்டர் போன் செய்து, “கேன்சர் இல்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் பழைய முகமும் பலமும் மெல்லத் திரும்ப வரும்” என்றார்.

நன்றி சொல்லிவிட்டு, செடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். வேலையை மேற்பார்த்தபடி அந்த வழியே வந்த கங்காணி, “என்னப்பா, கண்ணெல்லாம் செவந்திருக்கு?” என்றார்.

“பனி லா, அண்ணே.”

அவர் வானத்தைப் பார்த்தார். பளீரென்று வெயில்.

“ஆமாமா, ரொம்பப் பனி” என்றவர், தோளில் கிடந்த துண்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

உன் வீட்டுக்காரன்