கிளாஸின் அடியில் இருந்த தழும்பு

நாற்பத்தேழில் தன் சீமைக்குக் கப்பலேறிய தோட்டத்துத் துரை, ஞானசிகாமணியின் அப்பாவுக்கு ஆறு பழைய கண்ணாடிக் கிளாஸ்களைக் கொடுத்திருந்தார். போன வாரம் அவை ஒன்றுபோல இல்லை என்று கண்ட ஞானசிகாமணி, அக்கா ஜெயபாய்தான் அசலை விற்றுவிட்டுச் சாலைக் கடையின் மலிவுச் சரக்கை வைத்துவிட்டாள் என்று பழி சொன்னார். அவள் அன்றே போனக்காட்டிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று காலை வந்த பழம்பொருள் வியாபாரி இன்னாசி, ஞானசிகாமணியின் மனைவி சுசீலாபாயிடம் ஒவ்வொரு கிளாஸாகக் கவிழ்த்து அடியைத் தடவிக் காட்டினார்.

"செய்யும்போ ஒட்டிப் பிடிச்ச இரும்புக் கம்பியிலேருந்து கிளாஸை ஒடிச்செடுத்த தழும்பாக்கும் இது. வாயால ஊதின பழைய சாதனம், அம்மா. ஆறும் ஒண்ணுபோல இருந்தாத்தான் சந்தேகப்படணும்."

அவர் போனதும் சுசீலாபாய் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணவருக்கு எழுதினாள்.

'அத்தான், ஆறும் அசல்தான். அடியில விரல் வச்சுப் பாருங்க. ஜெயபாய் மைனி ஒண்ணையும் எடுக்கல்ல. அன்னைக்கு நானும் வாயைத் திறக்காம நின்னேன், நினைச்சா வெக்கமா இருக்கு. மீன்கறி சட்டியில மூடியிருக்கு. இன்னாசி திரும்பி வந்தா விலை பேசாதீங்க. நான் மைனியைக் கூப்பிடப் போறேன்.'

குடையை எடுத்தவள், திரும்பி வந்து தாளின் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

'அவங்க வரமாட்டேன்னா நானும் அங்கயே இருப்பேன். நீங்களே வந்து கூப்பிடணும்.'