ஒரே ஒரு வசனம் காட்டு

ஒரகடம்
9.9.1991

அன்புள்ள தேவசித்தத்துக்கு,

செங்கல்பட்டுக் கோயிலில் போதகராகி, பெரிய ஐயராகிவிட்ட உனக்கு ‘நீ’ போட்டு எழுதலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். வேதபாடசாலையில் மூன்று வருஷம் ஒரே அறையில் பாய் விரித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உன் கீழே ஒரகடம் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் எழுதுவதாக நினைக்காதே. ரஞ்சனியும் பிள்ளைகளும் சுகம். நான்தான் சுகமில்லை.

நம் சபை லோகேஷ் மறைமலை நகரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். அவன் லைனில் நிற்கும் சுப்பிரமணி, “இன்னாபா, ஒரே சாமின்றீங்க, மூணு பேரச் சொல்றீங்க?” என்று கேட்டானாம். மூவரும் ஒன்று என்று நேராகச் சொல்லும் வசனத்தை யோவானின் முதல் நிருபத்திலிருந்து எழுதிக் கொடுத்தேன். மறு வாரம் லோகேஷ் ஒரு புது இங்கிலீஷ் வேதாகமத்தோடு வந்து நின்றான். “ஐயா, இதுல அந்த வசனத்தையே காணோம்.” அடிக்குறிப்பைப் படித்தேன். பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லையாம், பிற்பாடு சேர்த்ததாம்.

அன்றிலிருந்து வேதத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் முடிவு ஜெபத்தில் இயேசு, பிதா, ஆவி என்று மூன்று பெயரும் வரும்போது என் வாய் மூடிக்கொள்கிறது. நான்கு வாரமாயிற்று. சபையின் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை, லூர்தம்மாளைத் தவிர. காய்ச்சலில் காது போனவள். என் வாயைப் பார்த்துத்தான் கூடச் சொல்வாள். நேற்று நான் நிறுத்தியதும் அவளும் பாதியில் நின்றுவிட்டாள்.

எனக்கு ஒரே ஒரு வசனம் காட்டு.

உன்,
சாந்தப்பன்

செங்கல்பட்டு
14.9.1991

அன்புச் சாந்தப்பா,

சாம்பாரில் உப்பில்லை என்று விடுதி வார்டனோடு மல்லுக்கு நின்றவன் நீ. இப்போது கடவுளோடே நிற்கிறாயா?

ஒரு வசனம் போனால் என்ன? மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் மூன்று பெயராலும் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லியிருக்கிறதே. உயிர்த்தெழுந்தவரைப் பார்த்துத் தோமா ‘தேவனே’ என்றானே, அவர் மறுத்தாரா? அந்த முடிவு ஜெபமே பவுல் கொரிந்தியருக்கு எழுதியதுதானே?

லோகேஷின் கேள்விக்கு உன்னிடம் பதில் இல்லை என்பது சபைக் கமிட்டிவரை வந்துவிட்டது. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி உன்னைக் கூப்பிடுவார்கள். மூவரும் ஒன்று என்பதை விசுவசிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. இல்லாவிட்டால் வேலையும் போகும், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வீடும் போகும். ரஞ்சனியை நினைத்துப் பார்.

அன்புடன்,
தேவசித்தம்

ஒரகடம்
23.9.1991

தேவசித்தம்,

நீ எழுதியதெல்லாம் எனக்குத் தெரியாதா? மூவரும் வேதத்தில் இருக்கிறார்கள். தோமா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிதா தம்மைவிடப் பெரியவர் என்று சொன்னவரும் இயேசுதான். கடைசி நாள் எப்போது என்று குமாரனாகிய தமக்கே தெரியாது என்றவரும் அவர்தான். பிறகு மூவரும் சமம் என்று சபை முன்னால் எந்த வாயால் சொல்வேன்?

பயமாக இருக்கிறது. பெரியவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஜெபிக்கலாம் என்று தலையில் கை வைத்தேன். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கையை எடுத்துவிட்டேன். ரஞ்சனி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளே ஜெபித்தாள்.

நேற்று லூர்தம்மாள் வீடு தேடி வந்தாள். “நா இன்னா தப்பு பண்ணேன் ஐயா? நீ வாய மூடிக்கினா நா எப்டி ஜெபம் சொல்றது?” அவள் படித்துவிடக் கூடாதென்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அழுதேன்.

கெஞ்சிக் கேட்கிறேன். வசனம் காட்டு. இல்லாவிட்டால் உனக்கும் தெரியாது என்றாவது எழுது. தனியாகத் தாங்க முடியவில்லை.

சாந்தப்பன்

செங்கல்பட்டு
2.10.1991

சாந்தப்பா,

ஒரு வாரமாகத் தேடினேன். நீ கேட்கிற மாதிரி ஒரே வசனம் இல்லை. வேதம் மூவரையும் அங்கங்கே காட்டுகிறது. சேர்த்து முடிச்சுப் போட்டது சபைதான். அந்த முடிச்சு சரி என்றுதான் நம்புகிறேன், சில நாள். என் மூத்தவனை அடக்கம் செய்த அன்று அந்த மூன்று பெயர்களைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற நாட்களில் நானும் உன்னைப் போலத்தான். நீ வாயை மூடிக்கொண்டாய், நான் திறந்தே வைத்திருக்கிறேன்.

கமிட்டியில் உனக்காகப் பேசுவேன், சத்தியமாக. இதைக் கிழித்துவிடு.

தேவசித்தம்

சிங்கப்பெருமாள் கோவில்
21.10.1991

மதிப்பிற்குரிய ஐயர் அவர்களுக்கு,

தோத்திரம். வீட்டுச் சாவியைச் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. லோகேஷ் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறான். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ரஞ்சனி சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

விசுவசிக்கிறாயா என்று கமிட்டி கேட்டபோது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். உங்கள் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் அடுப்பில் போட்டேன். நீங்கள் பயப்பட வேண்டாம்.

நேற்று ஒரகடம் கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். புது உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு ஜெபிக்கிறார். லூர்தம்மாளுக்கு அவர் வாய் தெரியவில்லை. தவித்துப்போய்ப் பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். மூன்று பெயர்களையும் சத்தமில்லாமல் அசைத்துக் காட்டினேன். அவள் பார்த்துப் பார்த்துச் சொல்லி முடித்தாள். நான் நம்பிச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. அவள் கண்ணால் கேட்டபோது என்னால் மூடிக்கொள்ள முடியவில்லை.

பன்னிரண்டாம் தேதி கமிட்டி முடியும்வரை நானும் அவளைப் போலத்தான் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
மு. சாந்தப்பன்