மதினி சுட்ட பழ பிஸ்கட்

எதைச் செய்தாலும் முதல் துண்டை என் வாயில் திணித்துவிட்டு, "இனிப்பு போதுமா, சொல்லு" என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் என் மதினிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இங்கே மறுபடியும் மே மாதம். காலை பத்து மணிக்கே தெருவில் கால் வைக்க முடியவில்லை. அண்ணன் வழக்கம்போல அச்சாபீசுக்குப் போய் வருகிறார். முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறார், அவ்வளவுதான். ரூத் எட்டாம் வகுப்பு பாஸ். என் தோள் வரைக்கும் வளர்ந்துவிட்டாள். தலையை அவளே பின்னிக்கொள்கிறாள். நான் பின்னிவிட்டால் இறுக்கமாக இல்லை என்று அவிழ்த்துவிடுகிறாள்.

இந்தக் கடிதத்தைச் சபையின் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். உங்களுக்கு மட்டும் என்றால் கல்லறையில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். மற்றவர்களும் படிக்க வேண்டிய விஷயம் இது. அவர்களுக்காகச் சிலவற்றை முதலில் இருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மதினி முத்துமாரி, என் அண்ணனின் மனைவி, ரூத்தின் அம்மா. இருக்கன்குடிக்குப் பக்கத்து ஊர். அண்ணன் அவரை விரும்பிக் கட்டினார். கல்யாணத்துக்கு முன்னால் சாத்தூரில் ஒரு பேக்கரியில் பிஸ்கட் பாக்கெட் போடும் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகி இங்கே வந்த பிறகு பட்டாசு ஆலையில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து செலுத்தும் வேலை. நான் தொடக்கப் பள்ளி டீச்சர். கல்யாணம் ஆகாத நாத்தனார் ஒரே வீட்டில் இருந்தால் என்னென்ன சண்டை வரும் என்று ஊர் எதிர்பார்த்ததோ, அதில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் வரவில்லை. அதற்குக் காரணம் நான் இல்லை.

சுனாமி வந்த வருஷத்துக்கு அடுத்த கோடை, ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் ரூத்தின் நோட்டுக்கு அட்டை போட அச்சாபீசிலிருந்து வேஸ்ட் தாள் கொண்டுவந்தார். அதில் ஒரு தாளில் ஏதோ வெளிநாட்டுப் பலகாரத்தின் படம். வட்டமாக ஒன்று, அதன் மேல் வெள்ளையாகப் பூசி, சிவப்பும் நீலமுமாகப் பழங்கள். சிவப்பு மை கொஞ்சம் விலகி விழுந்திருந்ததால் கம்பெனி கழித்த தாள் அது. நீங்கள் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"ஏ ஸ்டெல்லா, அடியில இருக்கிறது பிஸ்கட்டுதானே?"

"பார்த்தா அப்படித்தான் தெரியுது."

"அப்ப இத நம்மளே செஞ்சிறலாம். எம்புட்டு மாவு பெசைஞ்ச எடத்துல இருந்திருக்கேன்."

படத்தில் இருந்த பழம் எதுவும் இங்கே கிடைக்காது. நீங்கள் கவலைப்படவில்லை. ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம், பன்னீர் திராட்சை, அன்னாசி, மாதுளை என்று விரல் மடக்கினீர்கள். தயிரைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டீர்கள். தண்ணீர் எல்லாம் வடிந்து கெட்டியானதும் பொடித்த சீனியும் ஏலக்காயும் போட்டு அடித்தீர்கள். மைதாவையும் வெண்ணெயையும் விரல் நுனியால் உதிர்த்துப் பிசைந்து, தாம்பாளம் அளவுக்குத் தட்டி, தெருமுனை பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். ரொட்டி இறக்கின சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். ஓரம் சிவக்கும்போது எடுத்துவிட வேண்டும், நடுவில் வேகவில்லை என்று விட்டால் கல்லாகிவிடும் என்று பேக்கரிக்காரருக்கே சொல்லிக்கொடுத்தீர்கள். பழத்தைப் பரிமாறும்போதுதான் அடுக்க வேண்டும், முன்னாலேயே வைத்தால் பிஸ்கட் நமத்துப்போகும் என்று எனக்குப் பத்துத் தடவை சொன்னீர்கள்.

அந்தச் சனிக்கிழமை சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கோடைக் கூடுகை. தாம்பாளத்தை நானும் நீங்களும் சேர்ந்துதான் தூக்கிக்கொண்டு போனோம். துண்டு துண்டாக வெட்டி வைத்ததும் கூட்டம் மொய்த்துவிட்டது. பிள்ளைகள் இரண்டாவது தடவை வரிசையில் வந்து நின்றன. நீங்கள் தண்ணீர்ச் செம்போடு ஓரமாக நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அடுத்து நடந்தது என்னை விட மாட்டேன் என்கிறது.

வரிசையில் முன்னால் நின்ற ஒரு அம்மா கையில் துண்டை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "டீச்சர், இது யாரு செஞ்சாக? உங்க அண்ணன் பொண்டாட்டியா? பட்டாசு மருந்துக் கையாச்சே அது? பிள்ளைக திங்குது, பாத்துக்கிடுங்க."

உங்கள் நகக்கண்ணில் அலுமினியத் தூள் இருந்தது உண்மைதான். புளி போட்டுத் தேய்த்தாலும் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் அந்த வெள்ளி நிறம் போகாது. அதற்காகத்தான் நீங்கள் இரண்டு நாள் லீவு போட்டு, மாவு பிசையும்போது கையில் பாலிதீன் உறை கட்டிக்கொண்டீர்கள். அதை நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்:

"இல்லக்கா, நான்தான் செஞ்சேன்."

நீங்கள் மூன்று அடி தள்ளித்தான் நின்றிருந்தீர்கள். அந்த அம்மா உங்களைத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "ஆமாங்க, டீச்சர்தான் செஞ்சாக" என்றீர்கள். தண்ணீர் ஊற்றிக்கொடுத்தீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் ஏதாவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். தாம்பாளத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போனீர்கள். ஏன் கேட்கவில்லை? திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்குமே.

அடுத்த வருஷமும் சங்கத்தில், "டீச்சர், அந்தப் பழ பிஸ்கட் இந்தத் தடவையும் உண்டுதானே?" என்று கேட்டார்கள். வீட்டில் வந்து சொன்னேன். நீங்கள் செய்துகொடுத்தீர்கள். கூடுகைக்கு மட்டும் வரவில்லை. "லோடு ஏத்துற சீசன், லீவு கேக்க முடியாது, நீ போயிட்டு வா" என்றீர்கள். தீபாவளிக்கு இன்னும் ஐந்து மாதம் கிடக்க, மே மாதத்தில் என்ன லோடு சீசன் மதினி? எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் போய்விட்டு வந்தேன். வாங்கின பாராட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்கடுத்த வருஷம்தான் போன வருஷம். போதகரை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். வழியனுப்பும் கூட்டத்தையும் கோடைக் கூடுகையையும் ஒன்றாக வைத்தார்கள். மூன்று தாம்பாளம் வேண்டும். வெள்ளிக்கிழமை நீங்கள் லீவு போட்டு மூன்றையும் சுட்டு ஆறவைத்தீர்கள். சனிக்கிழமை காலையில் ஆலை வேன் முனையில் வந்து ஹாரன் அடித்தது. நீங்கள் தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள்.

"ஸ்டெல்லா, இன்னைக்கும் லீவு சொல்லிறவா? நானே வந்து பழத்த அடுக்குறேன். மாம்பழம் வழுக்கும், ஒனக்கு வராது."

"வேண்டாம் மதினி. ஆர்டர் நிக்குதுன்னு போர்மேன் நேத்தே ஆள் விட்டாருல்ல. நீங்க போங்க, நான் பாத்துக்கிருதேன்."

போர்மேனுக்காக நான் அதைச் சொல்லவில்லை. நீங்கள் வந்து உட்கார்ந்து அத்தனை நேர்த்தியாகப் பழம் அடுக்கினால், இத்தனை வருஷம் யார் கை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் சொன்னேன். நீங்கள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். "சரி தாயி" என்று சொல்லிவிட்டுப் போய் வேனில் ஏறினீர்கள்.

மூன்று மணி இருக்கும். ஆலய மண்டபத்தில் நான் இரண்டாவது தாம்பாளத்துக்கு மாம்பழம் அடுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. ஜன்னல் கதவு அதிர்ந்தது. பெண்கள் எல்லாரும் வெளியே ஓடி எந்தத் திசையில் புகை என்று பார்த்தார்கள். நான் எழுந்தேன். பிறகு மறுபடி உட்கார்ந்து நான்கு துண்டு அடுக்கினேன். இந்த ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், எத்தனையோ தடவை சத்தம் கேட்டிருக்கிறோம், எத்தனையோ தடவை அது நம் வீட்டு ஆள் இல்லை. அந்த நான்கு துண்டை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அப்புறம்தான் ஒருவர் சைக்கிளில் வந்து உங்கள் கம்பெனியின் பெயரைச் சொன்னார்.

முதலில் இங்கே பெரியாஸ்பத்திரி, அங்கிருந்து மதுரை. பூச்சட்டி அறையில் நான்கு பேர். இரண்டு பேர் அங்கேயே முடிந்துவிட்டார்கள். உங்களை மூன்று நாள் வைத்திருந்தார்கள். அண்ணன் உள்ளே வந்து நிற்க முடியாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். ரூத்தை உள்ளே விட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார். கொசுவலைக்குள் நீங்கள் கிடந்தீர்கள். கையை மூடிக் கட்டியிருந்தார்கள், இரண்டு கையையும். இரண்டாம் நாள் மதியம் கண்ணைத் திறந்தீர்கள்.

"பிள்ளைக சாப்புட்டுச்சா?"

ரூத்தைக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் விளங்கியது. அந்த மூன்று தாம்பாளமும் மண்டபத்தில் அப்படியே கிடந்தன. எல்லாரும் எங்கெங்கோ ஓடிவிட்டார்கள். மறுநாள் ஆலயப் பணிவிடைக்காரர் அதை எல்லாம் வாளியில் அள்ளிக் கொட்டினார். நான் சொன்னேன்: "எல்லாம் காலி மதினி. ஒரு துண்டுகூட மிஞ்சல."

"யாரு செஞ்சதுன்னு கேட்டாகளா?"

இத்தனை வருஷம் கேட்காததை அப்போது கேட்டீர்கள்.

"கேட்டாக. எங்க மதினிதான் செஞ்சாகன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"ரொம்ப நல்லாருக்குன்னாக. போதகர் அம்மா உங்ககிட்ட செய்முறை கேக்கணும்னாக."

உங்கள் உதடு கொஞ்சம் விரிந்தது. சிரிப்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள். வேறு எதுவும் பேசவில்லை. மறுநாள் விடிந்து எட்டு மணிக்குப் போய்விட்டீர்கள்.

இந்த வருஷக் கூடுகைக்கு யாரும் என்னிடம் பிஸ்கட் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். முதல் தடவை வெண்ணெய் உருகி ஓடி மாவு பரந்துவிட்டது. இரண்டாவது கல். பேக்கரிக்காரர்தான், "உங்க மதினி ஓரத்த மட்டும்தான் பாப்பாக, நடுவ பாக்க மாட்டாக" என்று சொல்லி மூன்றாவதை எடுத்துக்கொடுத்தார். சுமாராக வந்தது. உங்களுடையது மாதிரி பொலபொலவென்று இல்லை.

ஜெபம் முடிந்ததும் நான் எழுந்து முன்னால் போய் நின்றேன். வரிசையாகச் சொன்னேன். இது என் மதினியின் பலகாரம், இந்த அக்கா மருந்துக் கை என்று கேட்டதற்குப் பயந்து நான் செய்ததாகச் சொன்னது பொய், அவர் கை படாமல் உறை கட்டிக்கொண்டு செய்தார், நான்தான் அவரை அன்று வேலைக்குப் போகச் சொன்னேன், சாகப்போகிற ஆளிடமும் பொய்தான் சொன்னேன். முதலாவதாகப் பேசியது அந்த அம்மாதான்.

"நான் எப்ப டீச்சர் அப்படிக் கேட்டேன்? எனக்கு ஞாபகமே இல்லியே."

உண்மையாகவே ஞாபகம் இல்லை அவருக்கு. முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. இன்னொருவர், "சரி விடுங்க, யாரு செஞ்சா என்ன, அந்தப் புண்ணியவதி போய்ச் சேந்துட்டா" என்றார். தட்டு நீட்டினார்கள். சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். இவ்வளவுதானா மதினி? இதற்குப் பயந்துதானா அத்தனை வருஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

ஆனால் ரூத் அங்கே இருந்தாள். தட்டுகளை எடுத்துக்கொடுக்க நான்தான் அவளைக் கூட்டிப்போனேன், முட்டாள்தனமாக. அவள் ஒரு துண்டும் சாப்பிடவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பத்தடி முன்னால் நடந்தாள். எங்கள் தெரு முனை வந்ததும் நின்று திரும்பினாள்.

"அத்தை, ஆஸ்பத்திரில நீங்க சொன்னது பொய்யின்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது ரூத். நம்பிட்டாங்க. சிரிச்சாங்க."

"தெரியும்" என்றாள். "நீங்க பொய் சொன்னா அம்மாவுக்குத் தெரியும். எங்கிட்டயே எத்தனை தடவ சொல்லிச் சிரிச்சிருக்கு, 'ஒங்கத்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது, காது மடல் செவந்துரும்'னு."

அன்றிலிருந்து ஒன்பது நாளாக அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறாள். கேட்டதற்குத் தலையாட்டுகிறாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

தெரிந்துதான் சிரித்தீர்களா மதினி? அப்படியென்றால் அந்தச் சிரிப்பு எனக்கு மன்னிப்பா, இல்லை, கடைசியிலும் இவள் இப்படித்தான் என்றா? ராத்திரி பகல் என்று இல்லை, பாடம் நடத்தும்போதுகூட இது வந்து நிற்கிறது. பதில் சொல்ல நீங்கள் இல்லை. அது எனக்குக் கிடைக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

போன வாரம் போர்மேன் வீட்டுக்கு வந்தார். "லீவுலதானே இருக்கு பிள்ளை, பேப்பர் குழாய் உருட்ட அனுப்புங்க, வீட்டுலயே செய்யலாம்" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நான் வாசல் வரைக்கும் வந்து போர்மேனை அனுப்பிவைத்தேன். எங்கள் வீட்டிலிருந்து உங்கள் ஆலைக்கு ஒரு ஆளைக் கொடுத்தது போதும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

ரூத் எந்த ஆலை வேனிலும் ஏற மாட்டாள். நான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது. அவள் எதுவரை படிக்க நினைக்கிறாளோ அதுவரை படிப்பாள். என்றைக்காவது அவள் வாய் திறந்து உங்களைப் பற்றிக் கேட்டால், என்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் எல்லாவற்றையும் சொல்வேன், அந்த நான்கு மாம்பழத் துண்டையும் சேர்த்து. கேட்காமலே இருந்துவிட்டாலும் அவள் பக்கத்திலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
உங்களை வேனில் ஏற்றி அனுப்பிய நாத்தனார்,
ஸ்டெல்லா