தை கழியட்டும் என்றேன்

அத்தை,

சின்னக்கானல் மலையிலிருந்து நேற்றுத்தான் திரும்பினேன். காலையில் துவைக்க எடுத்த சேலையில் விறகுப் புகை வாசம். சோப்புத் தண்ணீரில் முக்க மனம் வராமல் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு உங்கள் சின்ன மகன் வீட்டுக்கு இந்த மார்கழியில்தான் முதல் தடவையாகப் போனேன். விடியற்காலையில் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் தீ மூட்டியிருந்தார்கள். கொழுந்து பறிக்கப் போகும் முன் பெண்கள் எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தேயிலைச் செடிகளின் மேல் உப்பைத் தூவியது போல் பனி. நான் டீச்சர் அல்லவா, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தள்ளியே நின்றேன். உங்களோடு வேலை பார்த்த செல்லக்கனி என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"நெருக்கி உக்காருங்க டீச்சர். வெயில் காலத்துல அவவ வாசல்ல அவவ. பனி விழுந்தாத்தான நாங்க ஒண்ணா இருப்போம். ஒங்க அத்தை இந்த எடத்த யாருக்கும் விட மாட்டாவல்லா."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் உங்கள் இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

நான் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்து வந்தேன் தெரியுமா? பழைய பாட்டுகளில் வாடை வீசினால் பிரிந்திருப்பவள் தவிப்பாள். இன்றைய கதைகளில் பனி வந்தால் யாரோ ஒருவருக்கு வயதாகிறது, யாரோ சாகப்போகிறார். பனி என்றால் தனிமை என்று கரும்பலகையில் எழுதி, அடியில் கோடும் போடுவேன். பரீட்சையில் வேறு மாதிரி எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தும் இருக்கிறேன். வீட்டிலும் அதே பாடத்தைத்தான் உங்கள் மேல் நடத்தியிருக்கிறேன், அத்தை.

எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, "சின்னவன்கூட இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்றீர்கள். நான்தான் விடாமல் இங்கே வடகரப்பதிக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வயதான காலத்தில் அந்தக் குளிரில் எப்படி விட்டுவைப்பது? போதாததற்கு, மூத்த மருமகள் கவனிக்கவில்லை என்று ஊர் பேசுமே என்ற வீம்பு வேறு. "பனி விழுந்தா கொழுந்து கருகிப் போவுது, பாழாப் போன பனி" என்று நீங்கள் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். அதையே பிடித்துக்கொண்டேன். சொந்தக்காரர்களையும் நீங்கள் அப்படித்தான் திட்டுவீர்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

வடகரப்பதியில் மார்கழி என்றால் கணவாய் வழியாக வரும் காற்றுதான். தென்னை மட்டையை முறித்துப் போடும், உதட்டை வெடிக்க வைக்கும். "இது குளிரா தாயி? வெறும் காத்துல்லா," என்று சிரித்தீர்கள். நான் உங்கள் அறைச் சன்னலை அடைத்துவிட்டு, புதுக் கம்பளியும் வாங்கி வந்தேன்.

காலையில் நான் அடுப்படியில் பறந்துகொண்டிருக்கும்போது எழுந்து வந்து, என் காலடியில் குந்தி உட்காருவீர்கள். "இங்க எதுக்குங்க அத்தை குளுருல? போயிப் படுங்க" என்று ஸ்வெட்டரை மாட்டி அறைக்கு அனுப்பிவிடுவேன். மறுநாளும் வருவீர்கள். குளிருக்கு அடுப்பைத் தேடி வருகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள். இது எனக்கு அந்தத் தீயருகே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

உங்கள் கடைசி மார்கழியின் பாதியில் கேட்டீர்கள்.

"ஒரு தடவ மேல போயி பனியப் பாத்துட்டு வந்துருதேன் தாயி. ரெண்டு நாளு போதும்."

"உங்களுக்கு மூச்சு வாங்குதுங்களே அத்தை. தை கழியட்டுங்க. வெயில் ஏறுனதும் நானே கூட்டீட்டுப் போறேனுங்க."

பனியைப் பார்க்கவேண்டும் என்றவரிடம் வெயில் ஏறட்டும் என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள்! "சரி தாயி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றீர்கள்.

தை பிறக்கும் முன்பே போய்விட்டீர்கள். அடைத்த சன்னலுக்குக் கீழே, இழுத்துப் போர்த்திய கம்பளிக்குள், தனியாக. காபியோடு வந்து எழுப்பியவள் நான்தான். மலைக்குப் போயிருந்தால் இன்னும் சீக்கிரமே போயிருப்பீர்கள் என்று உங்கள் பெரிய மகன் இன்றும் என்னைத் தேற்றுகிறார். இருக்கலாம். ஆனால் தோளோடு தோள் இடிக்கப் பத்துப் பேர் பக்கத்தில் இருந்திருப்பார்கள்.

நீங்கள் சண்டை போட்டிருக்கலாம், அத்தை. ஊரையே அதட்டுகிற வாய் உங்களுக்கு. என்னிடம் மட்டும் ஏன் அடங்கிப்போனது? ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்திருப்பேன், காலப்போக்கில் கொஞ்சம் மறந்தும் இருப்பேன். நீங்களோ படித்தவள் சொல்கிறாள் என்று என்னை நம்பிவிட்டீர்கள். அந்த 'சரி தாயி'யை இறக்கி வைக்க இன்னும் எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.